மவுண்டன் பைக்கில் எதை முதலில் மாற்றுவது?

மவுண்டன் பைக் வாங்கிக் கொஞ்ச நாள் மண்பாதையில் ஓட்டியவர்கள் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வி, "கியரை மாத்தலாமா?" என்பதுதான். அடுத்த கேள்வி முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பற்றி வரும். டயரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் புதிதாக ஓட்ட வருபவர்களின் சைக்கிளை வாங்கிப் பார்த்தால் நான் முதலில் அழுத்திப் பார்ப்பது டயரைத்தான். பெரும்பாலும் கல் மாதிரி இருக்கும். காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, "இப்ப ஓட்டிப் பாருங்க" என்று கொடுப்பேன். ஒரு சுற்று போய்விட்டு வந்து, "வேற சைக்கிள் மாதிரி இருக்கு" என்பார்கள். இதற்குச் செலவு எதுவும் கிடையாது.

அதனால் நான் சொல்லும் வரிசை இது. தரையைத் தொடுகிற பாகம், உடலைத் தொடுகிற பாகம், வண்டியை நிறுத்துகிற பாகம் ஆகிய மூன்றையும் முதலில் கவனியுங்கள். செயினும் கியரும் தேயும்போது மாறட்டும். ஃபோர்க், சக்கரம் போன்ற பெரிய செலவுகளைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். எதை வாங்குவதாக இருந்தாலும் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அளவெடுப்பது.

முதல் வேலை: நோட்டும் வெர்னியரும்

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு சைக்கிளின் பக்கத்தில் உட்காருங்கள். அரை மணி நேரம் போதும்.

டயரின் பக்கச்சுவரில் 57-622 என்பது போல ஓர் எண் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், மி.மீ. கணக்கில். இரண்டாவது, டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். 622 என்றால் 29 அங்குலச் சக்கரம், 584 என்றால் 27.5, 559 என்றால் 26. அகலத்தில் கொஞ்சம் முன்னே பின்னே போகலாம். விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட மாறக் கூடாது.

அடுத்தது அச்சு. லீவரை மடக்கித் தளர்த்தியதும் சக்கரம் கழன்று வந்தால் அது குவிக் ரிலீஸ். அதில் ஹப்பின், அதாவது சக்கரத்தின் நடுப்பாகத்தின், அகலம் வழக்கமாக முன்னால் 100 மி.மீ., பின்னால் 135 மி.மீ. தடித்த கம்பி ஒன்றை மரை சுற்றி முழுதாக உருவி எடுக்க வேண்டியிருந்தால் அது த்ரூ ஆக்சில். அதில் பழைய அளவு முன்னால் 100, பின்னால் 142. இப்போது பரவலாக இருக்கும் பூஸ்ட் அளவு முன்னால் 110, பின்னால் 148.

142-க்கும் 148-க்கும் நடுவே ஆறே மில்லிமீட்டர்தான். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. "த்ரூ ஆக்சில்தானே" என்று நினைத்து நான் ஒருமுறை அளக்காமலே பின் சக்கரம் ஒன்றை வாங்கிவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து ஃபிரேமில் நுழைத்தால் ஒரு பக்கம் உட்கார்கிறது, மறு பக்கம் மேலேயே நிற்கிறது. அளந்த பிறகுதான் என்னுடையது 142, வாங்கியது 148 என்று தெரிந்தது. விற்றவர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல சக்கரம் ஒன்று ஒரு வருஷம் சும்மா சுவரில் தொங்கியது. நீங்கள் அளக்கும்போது சக்கரத்தைக் கழற்றி, ஹப்பின் ஒரு முனை மூடியிலிருந்து மறு முனை மூடி வரை வெர்னியரை வைத்துப் பாருங்கள். ஸ்கேலை வைத்துக் குத்துமதிப்பாகப் பார்க்க வேண்டாம்.

இன்னும் சிலவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சீட் போஸ்ட்டை உருவினால் அடியில் விட்டம் அச்சிட்டிருக்கும்: 27.2, 30.9, 31.6 ஆகியவைதான் அதிகம் காணப்படுபவை. ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம் அதைப் பிடித்திருக்கும் இடத்தின் விட்டம் 31.8 அல்லது 35 ஆக இருக்கும். பின்னால் எத்தனை பல்சக்கரங்கள், அவற்றில் சின்னதற்கும் பெரியதற்கும் எத்தனை பல் என்று எண்ணுங்கள். டிஸ்க் ரோட்டரை, அதாவது பிரேக் பிடிக்கும் வட்டத் தகட்டை, ஆறு போல்ட்கள் பிடித்திருக்கின்றனவா, இல்லை நடுவில் ஒரே ஒரு பூட்டு வளையமா என்று பாருங்கள். பின்னதற்கு சென்டர்லாக் என்று பெயர். திரவத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் என்றால் லீவரின் மூடியிலேயே எந்தத் திரவம் என்று எழுதியிருக்கும். இவ்வளவும் நோட்டில் ஏறிவிட்டால் தவறான பாகம் வாங்கும் ஆபத்து பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

டயர்: இங்கேதான் நேரம் செலவழியுங்கள்

மண்ணிலும் கல்லிலும் உங்களைப் பிடித்து வைத்திருப்பது இரண்டு உள்ளங்கை அளவு ரப்பர்தான். மற்ற எல்லாம் அதற்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. காற்று அதிகமானால் டயர் கல்லில் பட்டுத் துள்ளும், வேர்களில் வழுக்கும். காற்று சரியாக இருந்தால் டயர் கல்லைச் சுற்றி அமுங்கி, பிடித்துக்கொண்டு தாண்டும்.

சரியான காற்று எது என்று ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. எடை, டயரின் அகலம், பாதை எல்லாம் சேர்ந்து அதை முடிவு செய்யும். தொடங்குவதற்கு ஓர் எண் வேண்டும் அல்லவா? 70 கிலோ எடையுள்ள ஒருவர், 2.3 அல்லது 2.4 அங்குல டயர், ட்யூப் இல்லாத அமைப்பு என்றால் முன்னால் 22 பிஎஸ்ஐ, பின்னால் 25 பிஎஸ்ஐ வைத்துத் தொடங்கலாம். ட்யூப் உள்ளே இருந்தால் நான்கைந்து பிஎஸ்ஐ கூட்டுங்கள். இல்லாவிட்டால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்த தடம் மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும்.

அப்புறம் உங்களுக்குத் தெரிந்த ஒரு சிறு பாதையைத் தேர்ந்தெடுத்து, அதையே திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பிஎஸ்ஐ குறையுங்கள். ஒரு கட்டத்தில் கல்லில் ஏறும்போது ரிம் "டங்" என்று இடிக்கும், அல்லது வளைவில் டயர் அடியில் மடங்குவது போல நெளியும். அங்கே நிறுத்தி, இரண்டு பிஎஸ்ஐ கூட்டிக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் எண். நோட்டில் எழுதுங்கள். இதற்கு நல்ல அளவுமானி தேவை. பம்பில் ஒட்டியிருக்கும் கடிகாரம் குறைந்த காற்றில் அவ்வளவு நம்பத்தக்கதாக இருக்காது. கையடக்கமான டிஜிட்டல் அளவுமானி ஒன்றை வாங்குங்கள். இந்தப் பட்டியலில் முதல் செலவாக நான் சொல்வது அதைத்தான்.

டயரையே மாற்றும் நேரம் வந்தால் முதலில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் டயரின் இரண்டு பக்கமும் குறைந்தது ஆறு மி.மீ. காலி இருக்க வேண்டும். சேறு ஒட்டினாலும் சக்கரம் லேசாக ஆடினாலும் உரசாமல் ஓட அது தேவை. முன் டயரும் பின் டயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. வளைவில் வண்டியைப் பிடிப்பது முன் டயர். அது வழுக்கினால் விழுவதைத் தவிர வேறு வழியில்லை. பின் டயர் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். அதனால் முன்னால் உயரமான, இடைவெளி விட்ட கட்டைகளும் (டயரின் மேல் துருத்தி நிற்பவை) மிருதுவான ரப்பரும் உள்ள டயர். பின்னால் கொஞ்சம் நெருக்கமான கட்டைகள், சுலபமாக உருளும் டயர். கையில் ஒரே ஒரு டயருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் யோசிக்காமல் முன்னால் மாற்றுங்கள். பக்கச்சுவரில் உருளும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். மாட்டும்போது அதைப் பார்த்து மாட்டுங்கள்.

கூர்மையான கற்கள் நிறைந்த பாதை என்றால் தடித்த பக்கச்சுவர் உள்ள டயரை எடுங்கள். எடை கூடும்தான். ஆனால் பாதி வழியில் கிழிந்த டயரைத் தள்ளிக்கொண்டு வருவதை நினைத்தால் அந்த எடை பெரிதில்லை.

இப்போது ட்யூப்லெஸ். ரிம்மும் டயரும் இரண்டுமே ட்யூப்லெஸ்ஸுக்குத் தயாரானவை என்று குறிக்கப்பட்டிருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள். பழைய ட்யூபைக் கழற்றி, ரிம்மின் உட்புறத்தைத் துணியால் துடைத்து, கொஞ்சம்கூட எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் செய்யுங்கள். ட்யூப்லெஸ் டேப்பை இழுத்துப் பிடித்து, ஸ்போக் துளைகளை மூடும்படி ஒரு சுற்றுச் சுற்றி, முனையை ஒரு சாண் தூரம் மேலேறவிட்டு வெட்டுங்கள். டேப்பின் அகலம் ரிம்மின் உள்ளகலத்தைவிட இரண்டு மூன்று மி.மீ. கூடுதலாக இருந்தால் ஓரங்களிலும் ஏறி நன்றாக ஒட்டும். வால்வு வரும் இடத்தில் சிறு துளை போட்டு வால்வை இறுக்குங்கள். கையால் மட்டும், பிளையர் வேண்டாம்.

டயரை மாட்டிவிட்டு வால்வின் உள்ளூசியைக் கழற்றிக் காற்றை வேகமாக அடியுங்கள். ஊசி இல்லாதபோது காற்று தடையில்லாமல் உள்ளே போகும். முதலில் எல்லாப் பக்கமும் சீறும். கொஞ்ச நேரத்தில் "டப்" என்று ஒரு சத்தம், அப்புறம் இன்னொன்று. டயரின் ஓரம் ரிம்மின் பள்ளத்திலிருந்து ஏறித் தன் இடத்தில் உட்காருகிற சத்தம் அது. முதல் முறை கேட்கும்போது டயர் வெடித்துவிட்டதோ என்று கை நடுங்கும், பயப்பட வேண்டாம். டயரிலும் ரிம்மிலும் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். உட்கார்ந்த பிறகு காற்றை விட்டு, வால்வு வழியாகவே சீலன்ட்டை, அதாவது ஓட்டையை அடைக்கும் திரவத்தை, ஊற்றுங்கள். 29 அங்குல டயருக்கு சுமார் 100 மி.லி. ஊசியைத் திரும்பப் போட்டு, காற்றடித்து, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து எல்லாப் பக்கமும் சாய்த்துச் சாய்த்து ஆட்டுங்கள். எங்காவது வெள்ளைக் குமிழி வந்தால் அந்தப் பக்கத்தைக் கீழே வைத்துக் கொஞ்ச நேரம் படுக்கப்போடுங்கள், தானே அடைத்துக்கொள்ளும்.

சீலன்ட் காயும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். வெப்பமான இடத்தில் இரண்டு மூன்று மாதத்திலேயே காய்ந்துவிடலாம். சக்கரத்தைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே தளும்பும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஊற்றும் நேரம் வந்துவிட்டது.

உடல் தொடும் இடங்கள்

பெடல், கிரிப், ஹேண்டில்பார், சீட். இவை விலை குறைந்தவை. ஓட்டும் ஒவ்வொரு நிமிஷமும் உங்களைத் தொட்டுக்கொண்டே இருப்பவை.

வண்டியோடு வரும் பிளாஸ்டிக் பெடல் ஈரத்தில் வழுக்கும். சிறு உலோக ஊசிகள் நிற்கும் அகலமான தட்டைப் பெடலை வாங்கி, தட்டையான மிருதுவான அடிப்பாகம் உள்ள ஷூவோடு ஓட்டினால் கால் ஒட்டிக்கொண்ட மாதிரி நிற்கும். ஷூவைப் பூட்டிக்கொள்ளும் வகைப் பெடல் நல்லதுதான், ஆனால் தொடக்கத்திலேயே வேண்டாம். கால் ஊன்றி விழாமல் தப்பிக்கும் பழக்கம் முதலில் வரட்டும். மாட்டும்போது ஒன்றை மறக்காதீர்கள். வலது பெடலின் மரை வழக்கம்போல வலப்பக்கம் சுற்றினால் இறுகும். இடது பெடலுக்கு நேர் எதிர். இது தெரியாமல் பலம் கொண்ட மட்டும் திருகி, பெடல் மாட்டும் கிராங்க்கின் மரையையே அழித்தவர்கள் உண்டு. மரையில் கிரீஸ் தடவி, முதல் நான்கு சுற்றையாவது விரலால் சுற்றுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் லீவரின் கோணத்தைத் திருத்துங்கள். மேட்டிலிருந்து இறங்கும் நிலையில் நின்றுகொண்டு, பிரேக் லீவர் மேல் ஒரே ஒரு விரலை வையுங்கள். மணிக்கட்டு மடங்காமல், முன்கை நேராகப் போய் லீவரில் முடிய வேண்டும். பெரும்பாலான புதிய வண்டிகளில் லீவர் வெளியோரமாகத் தள்ளி இருக்கும். அதை உள்ளே நகர்த்தி, ஆள்காட்டி விரல் லீவரின் நுனியில் விழும்படி வைத்தால் பிரேக்கின் பலமே கூடின மாதிரி இருக்கும். நெம்புகோலின் நுனியைப் பிடித்தால் பலம் கூடும். இதிலும் நடப்பது அதுதான்.

ஹேண்டில்பாரை அகலமாக மாற்ற நினைத்தால் நீளமாகவே வாங்கி, கிரிப்பை உள்ளே தள்ளித் தள்ளி ஓட்டிப் பார்த்து, பிடித்த அகலத்தில் வெட்டுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது, அதனால் ஒரு பக்கத்துக்கு ஐந்து மி.மீ. வீதம் மட்டும். போல்ட் போட்டு இறுக்கும் கிரிப்பே நல்லது. ஈரத்தில் கையோடு சுழலாது.

சீட் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்பதைவிட அதன் அகலம்தான் முக்கியம். ஒரு நெளி அட்டையைக் கடினமான நாற்காலியில் போட்டு, முழங்காலை உயர்த்தி அதன் மேல் அழுத்தி உட்காருங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு குழிகள் தெரியும், அவைதாம் உட்காரும் எலும்புகளின் தடம். குழிகளின் நடுவிலிருந்து நடு வரை அளந்து, அதைவிட இரண்டு மூன்று செ.மீ. அகலமான சீட்டைத் தேடுங்கள்.

டயருக்கு அடுத்தபடியாக ஓட்டும் விதத்தையே மாற்றும் பாகம் டிராப்பர் போஸ்ட். ஹேண்டில்பாரில் இருக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டு சீட்டில் எடையைப் போட்டால் அது இறங்கும், ஏற்றத்துக்கு முன் எடையை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினால் மேலே வரும். செங்குத்தான இறக்கத்தில் சீட் வயிற்றில் இடிக்காமல் உடலைப் பின்னுக்கும் கீழுக்கும் கொண்டுபோகலாம். பயம் பாதி குறையும். வாங்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள். விட்டம் ஏற்கெனவே நோட்டில் இருக்கிறது. ஃபிரேமில் கேபிள் உள்ளே போகத் துளை இருக்கிறதா? இல்லாவிட்டால் வெளியே கேபிள் ஓடும் வகையை வாங்குங்கள். மூன்றாவது, சீட் குழாய்க்குள் எவ்வளவு ஆழம் நேராக இருக்கிறது என்பது. உள்ளே வளைவோ பாட்டில் தாங்கியின் போல்ட்டோ இருந்தால் நீளமான போஸ்ட் அங்கே போய் முட்டி நின்றுவிடும். உங்கள் பழைய போஸ்ட்டையே முட்டும் வரை உள்ளே இறக்கி, அந்த ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிரேக்

மவுண்டன் பைக்கின் தொடக்க வரலாறே பிரேக் தீய்ந்த கதைதான். கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் 1976-ல் பழைய கனமான சைக்கிள்களில் ஒரு மண் இறக்கத்தில் பந்தயம் தொடங்கினார்கள். பின் ஹப்புக்குள் இருக்கும், பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் கோஸ்டர் பிரேக் சூடாகி உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். கீழே வந்ததும் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் நிரப்ப வேண்டும். 'திரும்ப நிரப்பு' என்ற பொருளில் ரீபேக் என்பதே அந்தப் பந்தயத்தின் பெயரானது.

இன்று அந்தச் சிரமம் இல்லை. டிஸ்க் பிரேக் பலமில்லாமல் இருந்தால் முழுதாக மாற்றுவதற்கு முன், ரோட்டரை நெருக்கிப் பிடிக்கும் பேடைக் கழற்றிப் பாருங்கள். உலோகத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பொருள் ஒரு மி.மீ. அளவுக்கு வந்திருந்தால் மாற்ற வேண்டும். பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகியிருந்தாலோ எண்ணெய் பட்டிருந்தாலோ பலம் போய்விடும். செயினுக்கு எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கும்போது ரோட்டரில் தெறிப்பதுதான் இதற்கு அடிக்கடி காரணம். துளித் துளியாக விடும் எண்ணெயே போதும்.

பேடில் இரண்டு வகை. ரெசின் பேட் சத்தமில்லாமல் மெதுவாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். உலோகத் தூளால் செய்த பேட் மழையிலும் சேற்றிலும் நின்று பிடிக்கும், நீண்ட இறக்கத்தின் சூட்டையும் தாங்கும். ஆனால் சில ரோட்டர்களில் ரெசின் பேட் மட்டும் என்று பொறித்திருக்கும். அவற்றில் உலோகப் பேடைப் போட்டால் ரோட்டர் வேகமாகத் தேய்ந்துவிடும்.

அடுத்த படி, ரோட்டரைப் பெரிதாக்குவது. முன்னால் 160 மி.மீ. இருந்தால் 180-க்குப் போகலாம். அதே விரல் அழுத்தத்துக்குச் சுமார் எட்டில் ஒரு பங்கு பலம் கூடும். சூடும் சீக்கிரம் ஆறும். பேடைத் தாங்கும் காலிப்பரைத் தூக்கிவைக்க அளவுக்கேற்ற அடாப்டர் வேண்டும். ஃபோர்க் எந்த அளவு ரோட்டர் வரை தாங்கும் என்பதற்கு அதன் தயாரிப்பாளர் ஒரு வரம்பு வைத்திருப்பார், அதைத் தாண்டாதீர்கள்.

கேபிள் டிஸ்க்கிலிருந்து ஹைட்ராலிக்குக்கு மாறுவது மனதாரச் செய்ய வேண்டிய செலவு. ஒரு விரலால் பிடித்தாலே நிற்கும். நீண்ட இறக்கத்தில் கை மரத்துப் போகாது. திரவம் இரண்டு வகை. ஷிமானோ நிறுவனத்தின் பிரேக்குகளில் மினரல் ஆயில். வேறு பலவற்றில் டாட் திரவம். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுப் பிரேக்கே போய்விடும்.

புதுப் பேட் போட்டதும் நேராகப் பாதைக்குப் போகாதீர்கள். ஆள் நடமாட்டமில்லாத சமதளத்தில் நல்ல வேகத்துக்கு வந்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், நடக்கும் வேகம் வரை பிரேக் பிடியுங்கள். இப்படி இருபது முறை. முதல் நான்கைந்து முறை ஒன்றும் பிடிக்காத மாதிரி இருக்கும். போகப் போக லீவரின் கீழே பலம் ஏறுவது விரலுக்கே தெரியும்.

செயின், கியர்

கியர் சரியாக விழவில்லை என்றால் புதிய கியர் வாங்க வேண்டும் என்று அர்த்தமில்லை. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் டீரெய்லரைத் தாங்கும் சின்ன அலுமினியத் துண்டு, அதாவது ஹேங்கர், வளைந்திருக்கலாம். வண்டி வலப்பக்கம் ஒரு தடவை சாய்ந்து விழுந்தாலே போதும், அது வளையும். பின்னால் நின்று பாருங்கள். டீரெய்லரின் இரண்டு சின்னச் சக்கரங்களும் கேசட்டின், அதாவது பின்பக்கப் பல்சக்கர அடுக்கின், சக்கரங்களுக்கு இணையாக நேர்க்கோட்டில் நிற்க வேண்டும்.

செயினின் தேய்மானத்தை அளக்க ஒரு சிறு கருவி விற்கிறது. 11, 12 வேகச் செயினில் (பின்னால் அத்தனை பல்சக்கரங்கள் இருந்தால்) 0.5 சதவீதம், அதற்குக் குறைந்த வேகங்களில் 0.75 சதவீதம் வந்தால் மாற்றிவிடுங்கள். அதைத் தாண்டவிட்டால் தேய்ந்த செயின் கேசட்டின் பற்களையும் தன் அளவுக்குத் தின்றுவிடும். அப்போது புதுச் செயின் போட்டால் பற்களில் வழுக்கித் தாவும். கேசட்டையும் மாற்ற வேண்டிவரும்.

ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது, இன்னும் லேசான கியர் வேண்டும் என்பவர்களுக்கு மலிவான வழி முன்பக்கப் பல்சக்கரத்தைச் சிறிதாக்குவது. முன்னால் ஒரே சக்கரம் உள்ள வண்டியில் 32 பல்லுக்குப் பதில் 28 போட்டால் ஒவ்வொரு கியரும் எட்டில் ஒரு பங்கு லேசாகும். உச்ச வேகம் அதே அளவு குறையும். மண்பாதையில் அதை யாரும் தேடுவதில்லை. கிராங்க்கில் அவ்வளவு சின்ன சக்கரம் உட்காருமா என்று மட்டும் பாருங்கள். நான்கு போல்ட்கள் 104 மி.மீ. வட்டத்தில் இருக்கும் கிராங்க்கில் 30 பல்லுக்குக் கீழே போக முடியாது.

கேசட்டைப் பெரிதாக்குவதற்கு முன் ஹப்பின் உடலைப் பார்க்க வேண்டும். ஏழு வேக ஆரம்ப வண்டிகள் பலவற்றில் பின்னால் இருப்பது கேசட்டே இல்லை, மரை போட்டு ஏற்றிய ஃப்ரீவீல். அதற்கு நவீனக் கேசட் ஏறாது. பின் சக்கரத்தையே மாற்ற வேண்டும். கேசட் ஏறும் ஃப்ரீஹப் இருந்தால் அது எந்த வகை என்று கேளுங்கள். பழைய ஷிமானோ எச்ஜி உடலில் சின்னப் பல்சக்கரம் வழக்கமாக 11-லிருந்து தொடங்கும். 10 பல் வேண்டுமானால் ஸ்ராம் நிறுவனத்தின் எக்ஸ்டி (XD) அல்லது ஷிமானோவின் மைக்ரோ ஸ்ப்லைன் உடல் வேண்டும். ஒன்றுக்கான கேசட் மற்றதில் ஏறாது.

கியர் மாற்றும் லீவரான ஷிஃப்டரும் பின் டீரெய்லரும் ஒரே தயாரிப்பாளரின் ஒரே குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கட்டும். ஒரு கிளிக்குக்கு ஷிஃப்டர் எவ்வளவு கேபிளை இழுக்கிறது, அதற்கு டீரெய்லர் எவ்வளவு நகர்கிறது என்பது தயாரிப்பாளருக்கு ஏற்ப மாறும். ஷிமானோவின் ஷிஃப்டரோடு ஸ்ராமின் டீரெய்லரைப் போட்டால் ஒரு கியரில் சரியாக விழும், அடுத்ததில் இரண்டுக்கும் நடுவே கடகடக்கும். எவ்வளவு திருகினாலும் தீராது.

ஃபோர்க்: வாங்கும் முன் சரிசெய்யுங்கள்

காற்று ஃபோர்க் வைத்திருப்பவர்கள் பலர் அதைத் தங்கள் எடைக்குச் சரிசெய்யாமலே குறை சொல்கிறார்கள். ஃபோர்க்குக்கென்றே உள்ள ஷாக் பம்ப் ஒன்று வேண்டும். டயர் பம்பால் செய்யாதீர்கள். ஓட்டும் உடுப்பு, பை எல்லாவற்றோடும் வண்டியில் ஏறி, சுவரை விரலால் தொட்டுக்கொண்டு, பெடல்கள் மேல் நில்லுங்கள். ஃபோர்க்கின் பளபளப்பான காலில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். இல்லாவிட்டால் மெல்லிய கேபிள் டை ஒன்றைக் கட்டுங்கள். அதைச் சீல் வரை கீழே தள்ளிவிட்டு, குலுக்காமல் இறங்குங்கள். வளையம் எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது? 120 மி.மீ. இயக்கமுள்ள ஃபோர்க் என்றால் சுமார் 20 முதல் 24 மி.மீ. இருக்கலாம். அதைவிடக் கூடுதலாக அமுங்கினால் காற்றைக் கூட்டுங்கள், குறைவாக அமுங்கினால் குறையுங்கள். ரீபவுண்டு திருகு திரும்பி எழும் வேகத்துக்கானது. ஃபோர்க்கை அழுத்திவிட்டால் அது துள்ளி முன் சக்கரம் தரையை விட்டு எழக் கூடாது, சோம்பேறித்தனமாகவும் எழக் கூடாது.

பராமரிப்பும் உண்டு. ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் தன் ஃபோர்க்குகளின் கீழ்க்கால்களை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை பிரித்து எண்ணெய் மாற்றச் சொல்கிறது. பழைய ஃபோர்க் இறுகி ஓடுகிறது என்றால் பல சமயம் அதற்குத் தேவை இந்தச் சர்வீஸ்தான்.

அப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்றால் சக்கர அளவு, அச்சு, பிரேக் பொருத்தும் இடம், ஃபோர்க்கிலிருந்து மேலே ஃபிரேமுக்குள் போகும் ஸ்டீரர் குழாய் ஆகிய நான்கும் ஒத்துவர வேண்டும். ஸ்டீரர் குழாய் சில வண்டிகளில் முழுக்க ஒரே விட்டம். மற்றவற்றில் கீழே 1.5 அங்குலமாக அகன்றிருக்கும். அகன்றதை ஃபிரேமின் முன்னால் இருக்கும் நேரான ஹெட் குழாயில் நுழைக்க எல்லா ஃபிரேமும் இடம் தராது. இயக்கத்தைப் பழையதைவிட 20 மி.மீ.க்கு மேல் கூட்டாதீர்கள். அந்த 20 மி.மீ.க்கே முன்பக்கம் உயர்ந்து, ஹெட் குழாயின் கோணம் சுமார் ஒரு டிகிரி சாயும். ஏற்றத்தில் முன் சக்கரம் அலைபாயும், ஃபிரேமின் கழுத்துக்கும் பாரம் ஏறும்.

இங்கே ஒன்றை மனம் திறந்து சொல்ல வேண்டும். ஃபோர்க், சக்கரம், கியர் மூன்றையும் மாற்றும் திட்டம் உங்கள் நோட்டில் ஏறிவிட்டால் அந்தச் செலவைக் கூட்டிப் பாருங்கள். பாகங்களைத் தனித்தனியாக வாங்குவது, அதே பாகங்களோடு வரும் முழு வண்டியை வாங்குவதைவிடப் பெரும்பாலும் அதிகம். மூன்றும் சேர்ந்தே வேண்டும் என்றால், நல்ல டயரையும் பெடலையும் டிராப்பரையும் எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த வண்டிக்குச் சேமிப்பதுதான் சரி. பெடல் எந்த வண்டிக்கும் போகும். டயரும் டிராப்பரும் அளவு ஒத்தால் போகும்.

தலை, முழங்கால், பை

ஹெல்மெட் சரியாகப் பொருந்தினால் வாரைப் பூட்டாமலே தலையைக் குனிந்து ஆட்டினாலும் விழாது. பின்னந்தலையைக் கீழே வரை மூடும் மவுண்டன் பைக் வகையை எடுங்கள். ஒருமுறை பலமாக அடிபட்டால், வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கித்தான் தலையைக் காக்கிறது. முழுவிரல் கையுறை, முழங்கால் காப்பு இரண்டையும் முதல் நாளிலிருந்தே போடுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை: 4, 5, 6 மி.மீ. ஆலன் கீயும் டி25 தலையும் செயின் வெட்டியும் உள்ள மல்டி டூல், அறுந்த செயினை இணைக்க அதன் வேகத்துக்கேற்ற குவிக் லிங்க், ட்யூப் ஒன்று (ட்யூப்லெஸ் ஓட்டினாலும்), டயர் லீவர், கைப்பம்ப், ஓட்டையை அடைக்கும் பிளக். இதோடு உங்கள் ஃபிரேமுக்கான ஹேங்கர் ஒன்று. அது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வேறு வேறு வடிவம். உடைந்த அன்று தேடினால் கிடைக்காது. வண்டி வாங்கும்போதே இரண்டாவதையும் வாங்கி வைத்துவிடுங்கள்.

மாட்டும்போது

ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்தது. மூன்றைச் சேர்த்து மாற்றிவிட்டால் எது நல்லது செய்தது, எது சத்தம் போடுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. கழற்றும் முன் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்பது மறுநாள் நினைவிருக்காது.

ஸ்டெம் போல்ட்டில் 5 நியூட்டன் மீட்டர் என்பது போல எழுதியிருக்கும். கையால் அது எவ்வளவு என்று சொல்ல முடியாது. இறுக்கும் விசையை அளந்து காட்டும் சிறு டார்க் ரெஞ்சு வேண்டும். ஸ்டெம்மின் நான்கு போல்ட்களையும் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, மேலும் கீழும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். கார்பன் ஹேண்டில்பார் என்றால் கிரீஸ் கூடாது. அதற்கென்று உள்ள சொரசொரப்பான பேஸ்ட்டைத் தடவுங்கள்.

முதல் ஓட்டத்தை வீட்டைச் சுற்றியே வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்ததும் ஸ்டெம், கிராங்க், ரோட்டர், பெடல் ஆகியவற்றின் போல்ட்களை மறுபடி ரெஞ்சால் தொட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு கொஞ்சம் தளர்ந்திருக்கும். புதுக் கியர் கேபிளும் முதல் சில ஓட்டங்களில் உறையோடு படிந்து தளரும், கியர் விழத் தயங்கும். ஷிஃப்டரில் கேபிள் நுழையும் இடத்தில் இருக்கும் சின்ன உருளையைக் கால் சுற்று வெளியே திருகி, பெரிய பல்சக்கரத்துக்கு ஒரு முறை ஏற்றிப் பாருங்கள். தயங்கினால் இன்னொரு கால் சுற்று.